வெளிப்பக்கத்துச் சைக்கிள்

ஜூலை 18, வெள்ளி

கணபதி பட்டறையிலிருந்து குப்புராஜ் வந்து வேனின் பின்பக்கம் சைக்கிள் ரேக்கைப் பொருத்திவிட்டுப் போனான். வேன் என்று எழுதிவிட்டேன். மரகதம் அப்படித்தான் சொல்கிறாள், எனக்கும் ஒட்டிக்கொண்டது. உள்ளே கட்டில் இருக்கிறது, காஸ் அடுப்பு இருக்கிறது, பாத்திரம் கழுவத் தொட்டி இருக்கிறது, உட்கார்ந்தால் முட்டி இடிக்கிற கக்கூஸ்கூட இருக்கிறது. இதற்குப் பெயர் மோட்டார்ஹோம். ரிட்டயர் ஆன மனுஷன் செகண்ட் ஹேண்டில் வாங்கினால் வேன் ஆகிவிடுமா?

குப்புராஜிடம் நான் தெளிவாகச் சொன்னேன். ரெண்டும் எலெக்ட்ரிக் சைக்கிள், சாதா சைக்கிள் இல்லை, ஒவ்வொன்றும் ஒரு சிப்பம் அரிசி கனம். கனமானது வண்டியை ஒட்டி உள்பக்கம் நிற்க வேண்டும், லேசானது வெளிப்பக்கம். மாற்றி வைத்தால் ஒவ்வொரு குழியிலும் கனம் வெளியே தொங்கி வெல்டிங்கை ஆட்டிவிடும். பேட்டரிகளைக் கழற்றி வண்டிக்குள் வைக்க வேண்டும். ஓடும்போது மேலே மூடி கீடி போடக் கூடாது, காற்றைப் பிடித்து இழுக்கும்.

"எல்லாம் உங்களுக்கே தெரியுதுங்களே சார், அப்பறம் என்னைய எதுக்குங்க கூப்பிட்டீங்க?" என்றான்.

வெல்டிங் வைக்க. வேறு எதற்கு? பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தே தலை நரைத்தவன் நான். என் கையெழுத்து இல்லாமல் ஒரு நட்டுகூட கேட்டைத் தாண்டியதில்லை.

மரகதம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். குப்புராஜ் போனதும் கேட்டாள், "ஏனுங்க, எனக்குத்தான் சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்களே. ரெண்டாவது ஆருக்குங்க?"

"பழகிக்கலாம்" என்றேன்.

"அம்பத்தாறு வயசுல?"

"ஏன், கால் இல்லையா?"

அவள் உள்ளே போய்விட்டாள். போகும்போது சிரித்த மாதிரி இருந்தது. எரிச்சலாக வந்தது.

ஜூலை 20, ஞாயிறு

கன்னியாகுமரி போகிறோம் என்று அறிவித்தேன். சூரிய உதயம் பார்க்க.

"ஆடி மாசத்துல புது வண்டிய ஆராச்சும் எடுப்பாங்களா?" என்று ஆரம்பித்தாள். இது புது வண்டி இல்லை, செகண்ட் ஹேண்ட், ஆடிக்கு அதெல்லாம் பொருந்தாது என்றேன். அப்புறம் எந்த வழி என்று கேட்டாள். திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி, ஆரல்வாய்மொழி என்றேன். அத்தோடு ஆடி மாசப் பேச்சு நின்றுபோனது. உடனே எழுந்துபோய் முறுக்கு மாவு அரைக்கக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆரல்வாய்மொழி வழியில் இருக்கிறது. நான் கொண்டுபோய் அங்கே வைக்கவில்லை. எங்கள் மகள் மிருதுளா அங்கே ஒரு காற்றாலைக் கம்பெனியில் இன்ஜினியர். ஒரே பெண். போன வருஷம் புருஷன் வீடு வேண்டாம் என்று பெட்டியோடு வந்து நின்றாள். நான் கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னேன். எந்தத் தகப்பன்தான் சொல்லமாட்டான்? அன்றைக்கே பஸ் ஏறிப் போனவள்தான். அதற்கப்புறம் அவளும் என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை.

அவள் அம்மா தினமும் பேசுகிறாள். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பேசினால் நான் என்ன காதில் பஞ்சா வைத்துக்கொள்ள முடியும்? பஸ்ஸை விட்டு இறங்கி ஆபீசுக்கு நடக்கிறாளாம். வெட்டவெளியாம். எதிர்காற்றில் ஒரு எட்டு வைத்தால் அரை எட்டு பின்னால் தள்ளுகிறதாம். சாதா சைக்கிளை மிதிக்கவே முடியவில்லையாம். மிதித்தால் மிதிக்கட்டும், நடந்தால் நடக்கட்டும். எனக்கென்ன.

"பாப்பாவப் பாத்துட்டுத்தானுங்க வரோணும்" என்றாள் மரகதம்.

"நீ போய்ப் பாத்துட்டு வா. நான் வண்டில இருக்கறேன்."

"எத்தன நாளைக்கு வண்டிலயே இருப்பீங்க?"

இது சூரிய உதயம் பார்க்கப் போகிற பயணம்.

ஜூலை 23, புதன்

ஏற்றிப் பார்த்தேன். இரண்டாவது சைக்கிளை உள்பக்கம் வைத்தேன், என்னுடையதை வெளிப்பக்கம். என்னுடையதுதான் கனம், பேட்டரியும் பெரிது. விதிப்படி அதுதான் உள்ளே இருக்க வேண்டும். தெரியும். ஆனால் விதி போட்டவனுக்குத்தான் எங்கே கொஞ்சம் தளர்த்தலாம் என்றும் தெரியும். வெளிப்பக்கத்தில் நிற்கிற வண்டிக்குக் கல் தெறிக்கும், பின்னால் வருகிறவன் உரசுவான், டோல்கேட்டில் கை வைத்துப் பார்ப்பான். இரண்டாவது இன்னும் சீட்டு பிளாஸ்டிக்கூடப் பிரிக்காத புதுசு. என்னுடையதைத்தான் நான் ஏற்கனவே சிங்காநல்லூர் வரைக்கும் ஓட்டித் தேய்த்தாகிவிட்டதே.

மரகதம் அந்த பிளாஸ்டிக்கைப் பிரிக்கப் போனாள். கையைத் தட்டிவிட்டேன்.

"எனக்குன்னுதானுங்களே வாங்குனீங்க? நான் பிரிச்சா என்ன?"

"ஊர் போய்ப் பிரிச்சுக்கலாம்."

"எந்த ஊர்?"

இந்தப் பெண்பிள்ளையோடு குடித்தனம் நடத்துவதற்கு எனக்குத் தனியாகப் பென்ஷன் கொடுக்க வேண்டும்.

ஜூலை 26, சனி

மழைத் தூறல். சைக்கிள்கள் நனைந்தன. பரணில் தேடி ஒரு பெரிய பிளக்ஸ் எடுத்தேன். கெட்டிப் பிளக்ஸ், நாலு ஓரமும் வளையம் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் மாட்டுக் கொட்டகைக்குக் கேட்டபோது நான் கொடுக்கவில்லை. அச்சடித்த பக்கத்தை உள்ளே போட்டு, வெள்ளைப் பக்கத்தை வெளியே போட்டு, இரண்டு சைக்கிளையும் சேர்த்து மூடி, நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

மரகதம் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். முகம் சுண்டிப்போய்விட்டது.

"இத எதுக்குங்க எடுத்தீங்க?"

"பிளக்ஸ் பிளக்ஸ்தானே."

ஓடும்போது மூடக் கூடாது என்று நான்தான் சொன்னேன். அது துணியும் தார்ப்பாயும் போடுகிறவர்களுக்கு. இது கெட்டி. கட்டியிருக்கிற கட்டுக்குக் காற்று நுழையாது. போகிற வருகிறவன் கண்ணெல்லாம் புதுச் சைக்கிள் மேல் எதற்கு?

ஜூலை 29, செவ்வாய்

நட்டுகளை இன்னொரு தடவை முடுக்கினேன். நாளை கிளம்புகிறோம்.

ஜூலை 30, புதன்

சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினோம். ரேக்குக்கு ஒன்று வைக்கலாம் என்றாள் மரகதம், ரேக்குக்குச் சக்கரம் இல்லை என்றேன். அப்படியானால் கட்டித் தொங்கவிடலாம் என்று பச்சை மிளகாயோடு கோத்துத் தொங்கவிட்டாள். இருக்கட்டும்.

பல்லடம் தாண்டி இறங்கிப் பார்த்தேன். தாராபுரத்தில் பார்த்தேன். ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் என்னமோ கடகட என்று சத்தம் கேட்டது, இறங்கினால் அது மரகதத்தின் இட்லிச் சட்டி. "ஒக்காந்து ஓட்டறீங்களா, எறங்கி ஓட்டறீங்களா?" என்று கேட்டாள். பேட்டரிகளை அரிசி டப்பா வைக்கிற இடத்தில் வைத்திருக்கிறேன் என்று வேறு கோபம். அரிசி டப்பா அவள் மடியில் வருகிறது.

திண்டுக்கல்லுக்கு முன்னால் போலீஸ்காரர் நிறுத்தினார். "சார், நம்பர் பிளேட் எங்க சார்? பின்னாடி வெள்ளைச் சீலையைப் போத்திட்டுப் போறீங்க? ஏதாவது ஒண்ணுன்னா எந்த வண்டின்னு தேடுறது?"

நியாயமான கேள்வி. இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவன் இதைக் கோட்டைவிட்டேனே என்று அவமானமாக இருந்தது. அங்கேயே மரகதத்தின் கத்தரிக்கோலை வாங்கி நம்பர் பிளேட் வருகிற இடத்தில் சதுரமாக ஒரு துண்டை வெட்டி எடுத்தேன். கம்பிகளுக்கு நடுவே நம்பர் தெரிந்தது. போலீஸ்காரர் போகச் சொன்னார்.

வெட்டிய துண்டைத் திருப்பிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் முகம்.

எந்த இடம் வருகிறது என்று பார்த்து வெட்டவில்லை. வெள்ளைப் பக்கத்திலிருந்துதான் வெட்டினேன். மரகதம் துண்டை வாங்கிப் பார்த்தாள். "தாலி கட்டுன அன்னிக்கு மண்டபத்து வாசல்ல ஒசரமா நின்னான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதைச் சூடான குக்கருக்குக் கீழே போட்டாள்.

லாரிகள் நிற்கிற பெட்ரோல் பங்க்கில் தங்கல். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஜூலை 31, வியாழன்

மதுரை வெயில். சாத்தூர் தாண்டி வேப்பமரத்தடியில் நிறுத்திச் சோறு தின்றோம். சைக்கிள்களைக் கட்டியிருக்கிற பெல்ட்டுகளைச் சரிபார்த்தேன். ராட்செட் போட்ட லாரி பெல்ட்டுகள், இழுத்து லாக் செய்தால் அசையாது. உள்பக்கத்துக்கு நாலு, வெளிப்பக்கத்துக்கு ரெண்டு. மரகதம் எண்ணிவிட்டாள்.

"உங்குளுதுக்கு ரெண்டுதானா?"

"அதுக்குச் செயின் பூட்டும் இருக்குது."

சட்டைப்பையிலிருந்து சாவிகளை எடுத்தபோது இன்னொன்றையும் கவனித்துவிட்டாள். என் சைக்கிள் சாவி வேன் சாவியோடு ஒரே வளையத்தில் இருக்கிறது. இரண்டாவதின் சாவிகளை மட்டும், ஒன்றும் ஸ்பேரும், கைக்குட்டையில் முடிந்து தனியாக வைத்திருக்கிறேன்.

அவள் சோற்றைப் பிசைந்தபடியே பேச ஆரம்பித்தாள். நான் கேட்காமலே.

"ஏனுங்க, சாவின்னதும் ஞாபகம் வருது. பாப்பா எதுக்கு வந்தான்னு நீங்க ஒரு நாளாவது முழுசாக் கேட்டீங்களா? அவன் அடிக்கல, வெய்யல. ஸ்கூட்டர் சாவிய எடுத்துப் பீரோல வெச்சுப் பூட்டிட்டான். நீ எதுக்கு வேலைக்குப் போகோணும், எங்க போகோணும்னாலும் நான் கொண்டுபோய் உடறேன்னான். கோயிலுக்குப் போகோணும்னாலும் அவங்கிட்டக் கையேந்தோணும். அவளோட ஸ்கூட்டருங்க. நீங்க வாங்கிக் குடுத்தது."

"தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சுமா அப்படிச் சொன்னீங்க?"

ஒரு சாவிக்காக எவளாவது வாழ்க்கையை விட்டுவிட்டு வருவாளா, போய் அங்கேயே இரு, இந்த வாசப்படியை மிதிக்காதே. அதுதான் நான் சொன்னது. எழுதிவிட்டேன், இருக்கட்டும். தப்பு என்று எழுதப் போவதில்லை. டைரியில் எழுதினால் மட்டும் யாருக்கு என்ன வந்துவிடப் போகிறது?

கை கழுவிவிட்டு மறுபடியும் பெல்ட்டுகளைப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

திருநெல்வேலி. இன்றைக்கே கிளம்பியிருக்கலாம். பிரேக் ஆயில் பார்க்க வேண்டியிருந்தது. அப்புறம் டயரில் காற்று. அப்புறம் வைப்பர். மழையே இல்லாத ஊரில் வைப்பர் எதற்கு என்று கேட்டாள்.

சாயங்காலம் போன் வந்தது. இந்தத் தடவை ஸ்பீக்கரில் போடவில்லை. வண்டியின் அந்தப் பக்கம் போய் நின்று பேசினாள். வந்தவளின் கண் சிவந்திருந்தது.

"ஞாயித்துக்கெழம ஆடிப் பதினெட்டு. பாப்பாவுக்கு லீவு. 'அப்பாவும் வராராம்மா'ன்னு கேட்டா. நான் என்னன்னுங்க சொல்லட்டும்?"

"கன்னியாகுமரி போறோம்னு சொல்லு."

கையில் இருந்த டம்ளரை டொக்கென்று வைத்தாள். "இத பாருங்க. நாளைக்கு நீங்க வண்டிய எடுக்கோணும். இல்லீன்னா நான் பஸ் ஏறிப் போயிருவேன். ஒரு தடவ அவளத் தனியா பஸ் ஏத்தி உட்டாச்சு. இந்தத் தடவயும் நீங்க கீழயே நின்னீங்கன்னா, அப்பறம் அவ என்னைக்குமே கேக்க மாட்டா. கேக்கறத நிறுத்திட்டாள்னா முடிஞ்சுது. அத மட்டும் நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க."

நான் பெல்ட்டைப் பார்க்கப் போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள். அங்கே நின்றுகொண்டு என்னையே பார்த்தாள். நாளைக்குக் கிளம்பலாம் என்றேன்.

ஆடிப் பதினெட்டுக்குப் பெண்ணுக்குச் சீர் கொண்டுபோவது எங்கள் பக்கத்து வழக்கம். சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன்.

ஆகஸ்ட் 2, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

வள்ளியூர் தாண்டும் வரை ஒன்றுமில்லை. பணகுடிக்குப் பக்கத்தில் காற்று ஆரம்பித்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றாலைகள், கண்ணுக்கு எட்டின மட்டும். அத்தனையும் சுற்றிக்கொண்டிருந்தன. மரகதம் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, "இதுல எதுல பாப்பா ஏறுவாளோ" என்றாள். ஏறுவாளா? எனக்குத் தெரியாது. ஸ்பீக்கரில் அதெல்லாம் சொன்னதில்லை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது, அவ்வளவு உயரம்.

காவல்கிணறு தாண்டி மலை இடுக்குக்குள் நுழைந்ததும் ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்குகிற மாதிரி ஓர் அடி. பின்னால் படபடவென்று சத்தம். கண்ணாடியில் பார்த்தால் வெள்ளையாக ஏதோ கூரை உயரத்துக்கு எழும்பி எழும்பி விழுகிறது. நம்பர் பிளேட்டுக்காக வெட்டினேனே ஓட்டை, அது வழியாகக் காற்று உள்ளே புகுந்து பிளக்ஸை ஊதிவிட்டது. நான் வேகத்தைக் குறைப்பதற்குள் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே பக்கத்தில் வந்தது. கிளீனர் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார்.

"அண்ணாச்சி! நிப்பாட்டுங்க! பின்னால சைக்கிள் இழுபட்டு வருது!"

ஓரம் கட்டினேன். எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. ரேக்கின் வெளிக்கை வெல்டிங் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. என் சைக்கிள் செயின் பூட்டில் மாட்டிக்கொண்டு ரோட்டில் இழுபட்டு வந்திருக்கிறது. முன்சக்கரம் அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. ஹேண்டில் திரும்பிப்போயிருந்தது. மோட்டார் மூடி உடைந்து ஒயரெல்லாம் வெளியே. பின்னால் பைக்கில் யாராவது வந்திருந்தால்? கடவுளே. ஒருத்தரும் இல்லை. அது என் சாமர்த்தியமில்லை, அதிர்ஷ்டம்.

என் சைக்கிளை நான் தொடவே இல்லை. நேராக உள்பக்கத்துக்குப் போய் இரண்டாவதைத்தான் தடவிப் பார்த்தேன். செயின், கியர், பெயிண்ட், பிரேக் ஒயர். நாலு பெல்ட்டும் அப்படியே இருந்தன. ஒரு கீறல் இல்லை. சீட்டில் பிளாஸ்டிக்கூடக் கிழியவில்லை. "நல்லா இருக்குது, ஒண்ணும் ஆகல, நல்லா இருக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம். மரகதம் சொன்னாள்.

அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். காற்றில் அவள் சேலைத் தலைப்பு என் முகத்தில் அடித்தது.

"ஏனுங்க. இது பாப்பாவுக்குத்தானுங்களே?"

"வண்டில ஏறு."

"சொல்லுங்க. வாயத் தொறந்து ஒரு தடவ சொல்லுங்க."

"காத்தடிக்குது, வண்டில ஏறு மரகதம்!"

அவள் ஏறவில்லை. அங்கேயே ரோட்டு ஓரத்தில் நின்று அழுதாள், சிரிக்கவும் செய்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறவளை நான் என்ன செய்ய?

பிளக்ஸ் பறந்துபோய் எதிரே டீக்கடைக்குப் பக்கத்து உடைமுள் புதரில் மாட்டியிருந்தது. அச்சடித்த பக்கம் ரோட்டைப் பார்த்தபடி விரிந்து கிடந்தது. மிருதுளா பட்டுச்சேலையில், கழுத்து நிறைய மாலையோடு. பக்கத்தில் கோட்டு சூட்டுக்கு மேல் சதுரமாக ஓட்டை. ஓட்டை வழியாக ஒரு காற்றாலை சுற்றுவது தெரிந்தது. ரோட்டில் போகிற பஸ்காரன்கூட மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனான்.

டீக்கடை அம்மா வெளியே வந்தார். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். "ஆருக்கும் ஒண்ணும் ஆவல்லியே? ஆடியில இந்தக் கணவாய்க்குள்ள லாரிக்காரனே தார்ப்பாய அவுத்துச் சுருட்டிட்டுத்தான் போவான். நீங்க இத எதுக்குக் கெட்டிட்டு வந்திய?" என்றார். அப்புறம் பிளக்ஸைப் பார்த்தார். "பொண்ணு லச்சணமா இருக்கா. மாப்பிள எங்க?"

"தேவைப்படலீங்க" என்றாள் மரகதம்.

அந்த அம்மா அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நல்ல மனுஷி. பிளக்ஸ் எங்களுக்கு வேண்டுமா, வேண்டாமென்றால் கடைக்குப் பின்னால் விறகு மேல் போட்டுக்கொள்ளலாமா என்றார். மரகதம் என்னைப் பார்த்தாள். மாட்டுக் கொட்டகைக்குக் கேட்டபோது நான் கொடுக்கவில்லை.

"எடுத்துக்குங்க" என்றேன்.

"படம் உள்ளவா, வெளியவா?"

"எப்படி வேணும்னாலும் போட்டுக்குங்க."

என் சைக்கிளை அங்கேயே கடைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தோம். லாரிக்காரர்கள் இரண்டு பேர் தொங்கின கம்பியைக் கயிறு போட்டு மேலே தூக்கிக் கட்டிக் கொடுத்தார்கள். மெதுவாக ஓட்டிவந்து ஆரல்வாய்மொழிக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்துத் திடலில் நிறுத்தியிருக்கிறோம். அவள் வீடு இங்கிருந்து கூப்பிடு தூரமாம். நாளைக் காலையில் வருகிறோம் என்று மரகதம் சொல்லிவிட்டாள். "வருகிறேன்" என்று சொல்லவில்லை, "வருகிறோம்" என்றாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். மாடியில் ஒரு போர்ஷன். மரகதம் முறுக்கு டின், பூ, புதுத்துணியோடு இறங்கினாள். "வாங்க" என்றாள். "இத அவுத்துட்டு வரேன்" என்றேன். உண்மையாகவே அவிழ்க்க வேண்டியிருந்தது. நேற்றைய இழுப்பில் ஒரு ராட்செட் இறுகிப்போய் அசையவில்லை, அடிக் கிளாம்ப்பையே கழற்ற வேண்டும்.

மேலே கதவு திறக்கிற சத்தம். அம்மாவும் மகளும் பேசுகிற சத்தம். நான் கீழே குனிந்துகொண்டு நட்டைத் திருகிக்கொண்டிருந்தேன். படியில் செருப்புச் சத்தம் வந்தது. பக்கத்தில் வந்து நின்றது. நான் நிமிரவில்லை. என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன்.

"அந்தப் பதிமூணாம் நம்பர் ஸ்பேனர எடு" என்றேன்.

எடுத்துக் கொடுத்தாள். இளைத்திருந்தாள். கை கறுத்துப் போயிருந்தது, உள்ளங்கை காய்த்திருந்தது. நான் நட்டைக் கழற்றும்போது சொல்லாமலே சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக இறக்கிக் கீழே வைத்தோம்.

"நாலு பெல்ட்டுங்களாப்பா இதுக்கு?"

"ஆமா."

"அம்மா ரெண்டு சைக்கிள்னுல்ல சொன்னா. இன்னொன்னு எங்கீங்க?"

"வழில உழுந்துருச்சு."

குனிந்து உடைந்த வெல்டிங்கை விரலால் தொட்டுப் பார்த்தாள். இன்ஜினியர் ஆயிற்றே. "வெளிய இருந்ததா? எது, உங்குளுதா? அதுதானுங்களே கனம். கனமானதப் போய் வெளிய வெச்சீங்களா?" என்று என்னை நம்பாமல் பார்த்தாள். "நீங்களாப்பா?"

"உன்றதுல கீறல் உழுந்துரும்னு" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. உன்றது என்று, அவளுடையது என்று. கோயமுத்தூரிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவன், கடைசியில் ஒரு வெல்டிங்கைப் பற்றிக் கேட்டதும் உளறிவிட்டேன்.

அவள் சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் பேசினேன். நிறுத்தாமல் பேசினேன். டயரில் காற்றுக் குறையவிடாதே. பேட்டரியை வெயிலில் வைத்துச் சார்ஜ் போடாதே. எதிர்காற்று அடிக்கும்போது மோட்டாரை மூன்றாவதில் வை, முழங்கால் வலிக்காது. ஆபீசில் நிறுத்தினால் செயின் போட்டுத் தூணோடு பூட்டு. இன்னும் என்னென்னவோ. மரகதம் படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

பேச்சு தீர்ந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்தேன். இரண்டு சாவியையும் அவள் கையில் வைத்தேன்.

அவள் ஒன்றைத் திருப்பி நீட்டினாள். "ஸ்பேர் உங்ககிட்ட இருக்கட்டுங்கப்பா. நான் எங்காச்சும் தொலைச்சுருவேன்."

"வேண்டாம். ரெண்டும் உங்கிட்டத்தான் இருக்கோணும்." நீட்டின கையைத் தள்ளிவிட்டேன். "ஆரு கேட்டாலும் குடுக்காத. நான் கேட்டாலும் குடுக்காத."

அவள் கையை மூடிக்கொண்டாள். மூடின கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதாள். எனக்கும் கண்ணீர் வந்தது. காற்றில் மண் விழுந்தது என்று எழுதலாம். எழுதவில்லை.

அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு முதல் வேலையாகச் சீட்டு பிளாஸ்டிக்கைப் பிடித்துச் சர்ரென்று கிழித்தாள். நான் தடுக்கவில்லை.

மேலே போனோம். வாசப்படியில் கொஞ்சம் தயங்கினேன். "உள்ள வாங்கப்பா" என்றாள். மத்தியானம் தேங்காய்ச் சோறு, புளிச்சோறு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மிருதுளா சைக்கிளில் ஆபீசுக்குப் போனாள். எதிர்காற்றுதான். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, கழுத்தில் ஆபீஸ் அட்டைக் கயிற்றில் ஒரு சாவியைக் கோத்துக்கொண்டு, நேராகப் போனாள். இன்னொன்றை எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. வளைவு வரைக்கும் நின்று பார்த்தேன்.

ரேக்கைக் கழற்றி வேனுக்குள் போட்டேன். என் சைக்கிளை டீக்கடையிலிருந்து எடுத்து வர வேண்டும். மோட்டார் தேறுமா என்று ராத்திரி வந்து பார்க்கிறேன் என்று மிருதுளா சொல்லியிருக்கிறாள்.

"அப்பறம், சூரிய உதயம்?" என்று கேட்டாள் மரகதம்.

சூரியன் தினமும்தான் உதிக்கிறது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.